சமையல்கட்டில் யாரைக் கேட்டீர்கள்?

நான் வேலை செய்த மின்பணி அலுவலகத்தில், ஒரு கட்டடத்துக்கு வயரிங் போடப் போகும் முன் நிரப்ப வேண்டிய தாள் ஒன்று உண்டு. அதன் முதல் வரி: "சமையல்கட்டில் யாரைக் கேட்டீர்கள்?" எத்தனை ஆம்பியர், எந்த அளவு வயர், எர்த் குழி எங்கே என்பதெல்லாம் அதற்குக் கீழேதான் வரும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ரேவதி போன வாரம் போன் செய்தாள். "ஸ்டெல்லாக்கா, ஜெனரேட்டர் மாட்றதுக்கும் சமையல்கட்டுக்கும் இன்னாக்கா சம்பந்தம்? நேத்து ஒரு வூட்ல போய் கேட்டேன். அந்தம்மா எனக்குப் பசிக்குதுன்னு நெனச்சிகினு தட்டு எடுத்து வெச்சிட்டாங்க."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். கருவாட்டுக் கொழம்பு."

"அப்ப அந்த வரி ஒழுங்கா வேலை செய்யுது" என்றேன்.

சிரித்துவிட்டு போனை வைத்தாள். எனக்குத்தான் சிரிப்பு அடங்கியும் மனம் அடங்கவில்லை. வீட்டுக்குள் நடந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். அந்த வரியை எழுதியவள் நான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஸ்க்ரூ டிரைவர் பிடித்து, வலது கையைக் காதுக்கு மேலே தூக்கத் தோள் மறுத்து அடம்பிடித்ததால் ஐம்பத்தோரு வயதிலேயே வேலையை விட்டவள். கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் நான் போட்டுவிட்டு வந்த வேலைகளில், எனக்குப் பிறகும் மாறாமல் நிற்பது இந்த ஒரு வரிதான். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சேஞ்ஓவர் சுவிட்ச் என்பது ஓர் இரும்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடி மேலே இருந்தால் ஈபி கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. அந்த நடுவை நாங்கள் ஜீரோ என்போம். என் வாழ்க்கையில் நான் அதிகம் நேசித்த இடம் அந்த ஜீரோ. மேலிருந்து கீழே போகிற கைப்பிடி, வேண்டுமானாலும் வேண்டாவிட்டாலும், அந்த இடத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். ஒரு கரண்ட் முழுக்கக் கைவிட்ட பிறகுதான் இன்னொன்று பிடிக்கும். இரண்டும் ஒரு நொடிகூட ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடாது. டக் என்று ஒரு சத்தம், நடுவில் ஒரு மௌனம், மறுபடி டக். அந்த மௌனத்தைச் சரியாகக் கட்டிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

பார்த்துக்கொண்டால் என்ன ஆகும்? ஊரில் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். கீழே ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரின் கரண்ட் வந்த வழியே திரும்பிப் போய் அவர் கையைப் பிடிக்கும்.

ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி எழுதினால் அதுவே தனிக்கதையாகிவிடும், விடுங்கள். பட்டறையில் கற்றதைவிட, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சூப்பர்வைசர் சூசைராஜ் சாரிடம் கற்றதுதான் கையில் நின்றது. அவர் என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அவருக்கு நான் "நீங்க", எனக்கு அவர் "சார்".

சத்தம் போட மாட்டார். வேலை முடிந்தது என்று சொன்னால் வந்து நிற்பார், இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். பெட்டியைத் திறக்கச் சொல்வார். முறுக்கிய ஒவ்வொரு வயரையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மூன்று தடவை இழுப்பார். ஒன்று அசைந்தாலும் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். காரணம் கேட்டால், "ஒண்ணு லூசுன்னா அன்னிக்கு உங்க மனசு எங்கயோ இருந்துச்சு. எல்லாத்தயும் அதே மனசோடதான முறுக்கினீங்க" என்பார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மெயின் ஆஃப் பண்ணிட்டீங்களா" என்று அவர் கேட்டதே கிடையாது. ஆஃப் செய்த சுவிட்சை யார் வேண்டுமானாலும் ஆன் செய்துவிடலாம். அவர் கேட்பது:

"கட்டை எங்க?"

மெயின் சுவிட்சுக்குள் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைத்தான் கேட்கிறார். அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொட வேண்டும். கட்டை உன் பையில் இருக்கும்வரை உலகத்தில் எவனும் உன் மேல் கரண்டை விட முடியாது. இதற்காகவே சுடிதாருக்கு மேலே என் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் சிரித்தார்கள். சுடிதாரில் பை கிடையாதே, என்ன செய்வது?

வடக்கனந்தலில் ஒரு கல்யாண மண்டபம். எனக்கு முன்னால் வேலை செய்த ஆள் கரண்ட் வரும் பேஸ் வயரை மட்டும் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோய், கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரை ஈபி, ஜெனரேட்டர் இரண்டுக்கும் பொதுவாக முறுக்கி வைத்திருந்தார். வயர் மிச்சம், நேரம் மிச்சம். நான் எல்லாவற்றையும் பிரித்ததும் மண்டபக்காரர் வந்து நின்றுகொண்டார்.

"நியூட்ரல்தானம்மா. அதுல இன்னா கெடக்குது? தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது."

"அத நம்பித்தாங்க கம்பத்துல ஏர்றவரு அதத் தைரியமா தொடுவாரு" என்றேன்.

அண்ணாந்து வாசல் கம்பத்தைப் பார்த்தார். பிறகு, "எதுக்கும் நல்லா போட்ருங்க. சாயந்தரம் பந்தி இருக்குது" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு மோர் அனுப்பினார். நியூட்ரலையும் சேர்த்து மாற்றாத சேஞ்ஓவர் ஒன்றைக்கூட நான் போட்டுவிட்டு வந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அந்தப் பெருமையோடுதான் மலைக்கும் போனேன்.

கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் கன்னியர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ அறை, எட்டுக் கட்டில் போட்ட வார்டு, தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ், பின்னால் சமையல்கட்டு. யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஜெனரேட்டர் ஒன்று வந்திருந்தது. சின்னது. எல்லாவற்றையும் இழுக்காது. எதற்குக் கொடுப்பது, எதை விடுவது என்று நான்தான் முடிவு செய்தேன். பிரசவ அறை, வார்டு, பிரிட்ஜ் மூன்றும் சேஞ்ஓவருக்கு அப்பால். அவற்றுக்கு ஈபி போனால் ஜெனரேட்டர் வரும். சமையல்கட்டில் கிரைண்டரும் மோட்டாரும் இருந்தன. அவற்றைப் போட்டால் ஜெனரேட்டர் முக்கி நின்றுவிடும். அதனால் சமையல்கட்டு முழுவதையும் சேஞ்ஓவருக்கு முன்னாலேயே ஈபியோடு விட்டுவிட்டேன்.

சமையல் பார்க்கும் லூர்தம்மா அன்றைக்கு வந்து பார்த்தார். ஐம்பது தாண்டிய மெலிந்த உருவம், கையில் கரண்டி. "எனக்கு இல்லியா?" என்று கேட்டார்.

"அடுப்புக்கு எதுக்குமா கரண்ட்டு? வெறகு கரண்ட்டு கேக்குதா இன்னா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தமாதிரிதான் இருந்தது.

பெட்டிக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கையும் வைத்தேன். ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஈபி திரும்பி வந்ததா என்று உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த விளக்கு ஈபி பக்கத்தில் இருக்கிறது. ஈபி வந்தால் எரியும். எரிந்தால் கைப்பிடியை ஜீரோவுக்குக் கொண்டுவந்து, மூன்று எண்ணி, மேலே தள்ள வேண்டும். நர்ஸ் ரோஸ் சிஸ்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சூசைராஜ் சார் வந்தார், வயர்களை மூன்று மூன்று தடவை இழுத்தார், ஒன்றும் அசையவில்லை. "நல்ல வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் மலையில் பேய்க்காற்று. மரங்கள் ரோட்டில் விழுந்தன, கம்பிகள் மேல் விழுந்தன. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலை சூசைராஜ் சார் போன் செய்தார்.

"மலை ஆஸ்பத்திரி. லைன்மேன் கம்பத்துல கரண்ட் பாத்திருக்காரு. ஜெனரேட்டர நிறுத்தாம ஏற மாட்டேன்றாரு. நிறுத்தினா உள்ள குறைமாசக் கொழந்த ஒண்ணு வார்மர்ல இருக்குதாம், நிறுத்த மாட்டோம்ன்றாங்க." பின்னால் தாள் புரட்டும் சத்தம். "அது நீங்க போட்ட போர்டு. நீங்க போங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, அந்தப் பெட்டியை மனதுக்குள் ஆயிரம் தடவை திறந்து மூடினேன். பேஸ் சரி. நியூட்ரல் சரி. எர்த் சரி. எங்கே விட்டேன்? ரோட்டில் கிடந்த மரங்களுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியைச் சேற்றில் தள்ளிக்கொண்டு போனேன். ஆம்புலன்ஸ் அந்த வழியாக வர முடியாது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தையைக் கீழே கொண்டுபோக வழியில்லை. அது அங்கேயே, அந்த வார்மர் கொடுக்கும் சூட்டிலேயே இருந்தாக வேண்டும். மூன்று நாளாக ஓய்வில்லாமல் ஓடும் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆஸ்பத்திரி வாசலில் லைன்மேன் கோவிந்தன் நின்றிருந்தார். மலைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கயிறு தோளில், எர்த் ராடு கையில். கம்பத்தில் ஏறும் முன் அந்த ராடைக் கம்பியில் கொக்கியாக மாட்டுவார்கள். மிச்சம் மீதி கரண்ட் இருந்தால் அது வழியாக மண்ணுக்குப் போய்விடும்.

"வாங்கக்கா. நீங்கதான் இந்தப் பொட்டிய மாட்னவங்களா?"

"ஆமா."

"ராட மாட்றேன், தீப்பொறி பறக்குது. ஊர்ல ஒரு வூட்லயும் கரண்ட் இல்ல. எனக்கு மட்டும் எங்கருந்து வருது? எனக்கு ரெண்டு பொண்ணுங்கக்கா. ராடு போடற பழக்கம் இல்லாதவனா இருந்தா இன்னிக்கு உங்களுக்குச் சாவுச் சேதிதான் வந்திருக்கும்."

கீழே ஒரு மரம் விழுந்து லைன் அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியும் இரண்டு கம்பங்களும் மட்டும் ஊர் லைனிலிருந்து தனித்து நின்றன. லைன் முழுசாக இருந்திருந்தால் ஊரே பாரமாகி ஜெனரேட்டர் அப்போதே நின்றுபோயிருக்கும். அறுந்ததால்தான் அது நிற்காமல் ஓடி, அதன் கரண்ட் கம்பி வரை போயிருக்கிறது.

பெட்டி மாட்டிய கூடத்துக்குப் போனேன். கைப்பிடி கீழே, ஜெனரேட்டர் பக்கம், சரியாக இருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரோஸ் சிஸ்டர் கண்ணெல்லாம் சிவந்து வந்தார். "இந்த வெளக்கு எங்களோட வெளையாடுதும்மா. எரியுதேன்னு கைப்பிடிய மேல தள்ளினா அணைஞ்சிடுது, வார்டும் இருட்டாயிடுது. கீழ தள்ளினா திரும்பவும் எரியுது. ரெண்டு தடவ ஏமாந்துட்டேன். இனிமே தொட மாட்டேன்."

அந்த வாக்கியம் என் காதில் விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கைப்பிடி ஜெனரேட்டரில் இருந்தால் எரிகிறது. ஈபிக்குத் தள்ளினால் அணைகிறது. அப்படியானால் அந்த விளக்கை எரிய வைப்பது ஈபி இல்லை, ஜெனரேட்டர்.

மெயின் சுவிட்சை இறக்கினேன். பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். இப்போது கம்பத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் தொடர்பே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சுவிட்ச் சுத்தம். அதைத் தாண்டி, கட்டடத்துக்குள்ளேயே, எங்கோ ஒரு வழி இருக்கிறது. வார்டில் ஒவ்வொரு பிளக்காகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வார்டு வராந்தா மூலையில் இருந்த பிளக்கிலிருந்து ஆரஞ்சு நிற வயர் ஒன்று கிளம்பி, சுவரோரமாக நெளிந்து, கதவுக்கு அடியில் நுழைந்து போயிற்று. அதன் பின்னாலேயே போனேன்.

சமையல்கட்டு. குரங்குக்குப் பயந்து ஜன்னலெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வெளியே பகல் பதினொரு மணி. உள்ளே ஒரே ஒரு பல்பு இல்லையென்றால் கை தெரியாத இருட்டு. அந்த ஒரு பல்பின் கீழே லூர்தம்மா பிள்ளை பெற்றவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு வயரின் மறுமுனை கிரைண்டர் போடும் பிளக்கில் சொருகியிருந்தது. இரண்டு முனையிலும் சுவரில் சொருகும் பின். வராந்தாவில் ஜெனரேட்டர் கரண்டை வாங்கி, இங்கே சுவருக்குள் ஊட்டுகிறது. நான் ஈபி பக்கம் விட்டுவந்த சமையல்கட்டு வயர் வழியாக அது பின்னோக்கி ஓடி, சிவப்பு விளக்கை எரிய வைத்து, மெயின் வழியாக வெளியேறி, கம்பத்தில் ஏறியிருக்கிறது. என் அருமையான ஜீரோவை ஒரு வயர் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"இதுவா? எங்கூட்டுக்காரரு மைக் செட்டுக்குப் போறவரு, அவருதான் ரெண்டு பக்கமும் பின்னு வெச்சிக் குடுத்தாரு" என்று லூர்தம்மா அந்த முனையைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க. அதத் தொடாதீங்க."

அவர் அப்படியே நின்றார். இந்த முனையைப் பிடுங்கினால் வெளியே வரும் இரண்டு பித்தளைப் பின்னிலும் உயிர் இருக்கும், விரலுக்குப் பக்கத்தில். வராந்தாவுக்கு ஓடி அந்த முனையை முதலில் உருவினேன். சமையல்கட்டு இருண்டது. கூடத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. பிரசவ அறையில் வார்மர் எரிந்துகொண்டே இருந்தது.

வயரைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். இருட்டில் லூர்தம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"கரண்ட் போன மொத நாளே இருட்டுல கஞ்சி காய்ச்சி கைய சுட்டுகினேன். டார்ச்ச வாய்ல கடிச்சிகினு எவ்ளோ நேரம் நிக்கறது? உங்களக் கேக்கலாம்னா, வெறகு கரண்ட்டு கேக்குதான்னு சிரிச்சிட்டுப் போனீங்க. வெறகு கேக்கல. எனக்குக் கண்ணு கேட்டுச்சி."

எல்லாரும் அவரைத் திட்டத் தயாராக வாசலில் கூடிவிட்டார்கள். கோவிந்தன் முன்னால் நின்றார். "யாரு, இந்தம்மாவா? இன்னாமா, என்னக் கொன்னுட்டு யாருக்குக் கஞ்சி ஊத்தப் போற?"

"அவங்க இல்ல" என்றேன். "நான். எந்த வெளக்கு வேணும்னு அவங்களக் கேக்காம நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னுது."

தொழிலில் என் வாயால் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் வந்ததில்லை. சொன்னபோது நாக்கில் செம்புக் கம்பியைக் கடித்த ருசி. சொல்லி முடித்ததும் டூல்ஸ் பையைத் திறந்தேன். கிரைண்டரையும் மோட்டாரையும் ஈபியிலேயே விட்டுவிட்டு, சமையல்கட்டு பல்பை மட்டும் பிரித்தெடுத்தேன். வார்டு பக்கத்திலிருந்து தனி வயர் இழுத்து, பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேஞ்ஓவருக்கு அப்பாலேயே சேர்த்தேன். ஒரு பல்பு. ஜெனரேட்டருக்கு அது வந்ததே தெரியவில்லை. முக்கால் மணி நேர வேலை. வயர்களை இரண்டு விரலால் மூன்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். லூர்தம்மாவைச் சுவிட்சைப் போடச் சொன்னேன். கஞ்சிப் பானை தெரிந்தது, ஆவி தெரிந்தது, அவர் இடது மணிக்கட்டில் கொப்புளம் தெரிந்தது.

இனி கோவிந்தன் ஏற வேண்டும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நான் போட்ட பெட்டியை நம்பி ஒருமுறை தீப்பொறியைப் பார்த்த மனிதர். வெளியே வந்து கம்பத்தடியில் நின்றேன். ராடை மாட்டினார். பொறி இல்லை. மறுபடி எடுத்து மாட்டினார். இல்லை. அப்படியும் ஏறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டை எங்கக்கா?"

சூசைராஜ் சாரைத் தவிர வேறொருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன். "நீங்களே வெச்சிக்குங்க. எறங்கி வந்து குடுங்க."

கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"மேல போனா கீழ வுழுந்துட்ரும். உங்க கிட்டயே இருக்கட்டும். ஆனா இங்கயே நில்லுங்க. டீ குடிக்கப் போயிடாதீங்க."

நின்றேன். மழை லேசாகத் தூறியது. முதல் கம்பத்தில் ஏறினார், இறங்கினார், கீழே அறுந்த இடத்துக்குப் போய் ஆட்களோடு கம்பியை இழுத்துக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரோஸ் சிஸ்டர் குடை கொடுத்து அனுப்பினார். லூர்தம்மா தானே வந்து ஒரு டம்ளர் கஞ்சியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இடது கையில் டம்ளர், வலது கை சட்டைப் பையின் மேல். அந்தப் பீங்கான் துண்டு ஒரு மனிதனின் உயிர் எடைக்கு இருந்தது. என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு உயரமாக நான் எங்கேயும் நின்றதில்லை, நின்றது கம்பத்துக்குக் கீழே.

கோவிந்தன் திரும்பி வந்து ராடைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு காலும் மண்ணில் இருப்பதை நான் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரில் இருந்த ஆளுக்குப் போன் செய்தார். பிறகு என்னிடம், "சொருவுங்க" என்றார்.

கட்டையைச் சொருகி, மெயினை மேலே தள்ளினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கூடத்தில் எல்லாரும் அதையே பார்த்தார்கள். ரோஸ் சிஸ்டர் கைப்பிடியில் கை வைக்கத் தயங்கினார். இரண்டு தடவை ஏமாந்தவர்.

"நீங்கதான் தள்ளணும் சிஸ்டர்" என்றேன். "ஜீரோ. மூணு எண்ணுங்க. அப்புறம் மேல."

டக். பிரசவ அறையில் வார்மர் அணைந்தது. ஒன்று. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. இரண்டு. கூடத்து வாசலில் கோவிந்தன் எட்டிப் பார்த்தார். மூன்று. டக்.

சிவப்பு விளக்கு அணையவில்லை, வார்மரும் எரிந்தது.

உள்ளேயிருந்து லூர்தம்மா கேட்டார், "இந்தக் கரண்ட்டு நெசமா, இல்ல என்னுதா?"

"நெசம்தாம்மா" என்றார் கோவிந்தன், நான் கஞ்சி குடித்த டம்ளரை நீட்டியபடி. "எனக்கும் ஊத்து."